கசிவைப் பிடிக்காமல் சுவரைப் பூசாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குளியலறையை ஒட்டிய அறையில் பெயிண்ட் கொப்பளிக்கிறது, பூச்சு பொரிந்து உதிர்கிறது என்று வாசகர்கள் கேட்கும்போதெல்லாம் வீட்டுப் பராமரிப்புப் பகுதிகளில் வரும் பதில் ஏறக்குறைய ஒன்றுதான்: சுரண்டி எடுங்கள், பட்டி வையுங்கள், ஓதம் தாங்கும் பெயிண்டை இரண்டு கோட் அடியுங்கள். அப்படிச் செய்த சுவர் சில மாதங்களில் மறுபடி கொப்பளிக்கும். தண்ணீர் சுவருக்குள் நுழையும் வழி அப்படியே இருக்கிறது; உலர்ந்து வெளியேறும் வழியைத்தான் பெயிண்டால் மூடியிருக்கிறோம். சிக்கிய ஈரம் மேலேயும் பக்கவாட்டிலும் பரவி, முன்பு நன்றாக இருந்த இடத்தையும் கெடுக்கும்.

இன்னொரு பக்கம், ஓதத்தைப் பார்த்தவுடன் குளியலறை டைல்ஸ் மொத்தத்தையும் பெயர்த்துவிடுகிறவர்களும் உண்டு. கசிவு ஷவருக்குப் போகும் குழாயின் ஒரு எல்போவில் (வளைவு இணைப்பில்) இருந்திருக்கும். இரண்டு டைல்ஸோடு முடிய வேண்டிய வேலை அது. இரண்டு தவறுகளுக்கும் வேர் ஒன்றே. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமலே வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள்.

ஷவர் பகுதியில் தண்ணீர் கசிய நான்கு இடங்கள் உண்டு. வால்வு வரை வரும் குழாயில் எந்நேரமும் அழுத்தம் இருக்கும். யாரும் குளிக்காவிட்டாலும் அது இரவு பகலாகக் கசியும். வால்விலிருந்து ஷவர் ஹெட் வரை சுவருக்குள் ஏறும் குழாயில் ஷவரைத் திறந்தால்தான் தண்ணீர் வரும். மூன்றாவது, தரையில் இருக்கும் நஹானி ட்ராப்பும் (குளித்த தண்ணீர் இறங்கும் வடிகால் வாய்) கழிவுக் குழாயும். நான்காவது, டைல்ஸ் இடுக்குகளும், சுவரும் தரையும் சேரும் மூலையும். இந்த நான்கையும் பிரித்தறிய உளி தேவையில்லை. ஒரு வாளி, ஒரு பிளக், கொஞ்சம் பொறுமை போதும்.

முதலில் மீட்டர். வீட்டில் எல்லாக் குழாய்களையும், கழிப்பறைத் தொட்டிக்குப் போகும் ஆங்கிள் வால்வையும் மூடிவிட்டு மீட்டர் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து முள் நகர்ந்திருந்தால் அழுத்தக் குழாயில் கசிவு. மேல்நிலைத் தொட்டி உள்ள வீட்டில் மீட்டர் அதற்கு முன்னால் இருக்கும். ஆகவே தொட்டிக்கு வரும் தண்ணீரை நிறுத்தி, தொட்டிச் சுவரில் நீர்மட்டத்தைக் கோடு போட்டு, இரவு முழுதும் விட்டுப் பாருங்கள். அடுத்து, ஷவர் ஹெட்டைக் கழற்றி, சுவரிலிருந்து நீளும் ஆர்மின் முனையில் அரை அங்குல மூடியைப் போட்டு இறுக்குங்கள். வால்வைத் திறந்து அரை மணி நேரம் விடுங்கள். ஒரு சொட்டும் தரையில் விழாத நிலையில் மறுபக்கச் சுவர் நனைந்தால் குற்றவாளி அந்த ஏறுகுழாய்தான்.

கழிவுக் குழாயைச் சோதிக்க, தரை நனையாமல் ஒரு குழாய்த் துண்டை நேராக ட்ராப்புக்குள் செருகி நாலைந்து வாளி ஊற்றுங்கள். கீழ்த்தளக் கூரையிலோ வெளிச்சுவரிலோ ஈரம் தெரிந்தால் ட்ராப் இணைப்பைச் சந்தேகிக்கலாம். தரைக்கு, ட்ராப்பை அடைத்து, வாசலில் துணியோ களிமண்ணோ வைத்து அணைகட்டி, மிக ஆழம் குறைந்த இடத்திலும் 25 மி.மீ. நிற்கும்படி தண்ணீர் கட்டி 24 மணி நேரம் விட வேண்டும். மட்டத்தைப் பென்சிலால் குறியுங்கள். ஆவியாவதால் ஓரிரு மி.மீ. குறைவது இயல்பு, அதற்கு மேல் இறங்கினால் தரை குடிக்கிறது. தண்ணீரில் சாயம் கலந்தால் எங்கே வெளிவருகிறது என்பது தெளிவாகத் தெரியும். கடைசியாகச் சுவர் டைல்ஸ்: கைஷவரால் கீழ்ப்பகுதியில் தொடங்கி, ஒவ்வொரு பகுதியிலும் 10, 15 நிமிடம் பீய்ச்சிக்கொண்டே மேலே போங்கள். மேலிருந்து தொடங்கினால் வழிகிற தண்ணீர் எல்லா இடுக்கிலும் இறங்கி, எது ஓட்டை என்றே தெரியாமல் போகும்.

இந்தச் சோதனைகளை ஒரே நாளில் செய்து முடிக்க நினைப்பதுதான் பெரிய பிழை. செங்கல் தண்ணீரை முதலில் தான் குடித்துவிட்டுப் பிறகுதான் வெளியே காட்டும். ஒரு நாளைக்கு ஒரு சோதனை, மறுநாள் பார்வை, அதன் பிறகே அடுத்தது என்று வையுங்கள். ஈரம் தெரியும் இடமே கசியும் இடம் என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். தண்ணீர் குழாயின் மேலும் மின் கம்பிக்கான பைப்பின் மேலும் ஓடி, கிடைத்த முதல் பள்ளத்தில் வெளிவரும். நனைந்த சுவரில் சுவிட்ச் போர்டோ கீசர் இணைப்போ இருந்தால், எந்த வேலையும் தொடங்கும் முன் அந்த வரிசையின் எம்.சி.பி.யை (மின் பெட்டியில் உள்ள பாதுகாப்பு சுவிட்சை) இறக்கிவிடுங்கள்.

சுவர் சம்பந்தப்படாத எளிய பழுது ஒன்று உண்டு: ஷவர் சொட்டுவது. மூடிய பிறகு சில நிமிடம் சொட்டுவது ஹெட்டுக்குள் தேங்கிய தண்ணீர், பழுதல்ல. மணிக்கணக்கில் சொட்டினால் வால்வு சரியாக அடைபடவில்லை. பல சுற்று திருகும் பழைய வகையில் ஸ்பிண்டிலின் (கைப்பிடியோடு சுற்றும் தண்டின்) அடியில் உள்ள ரப்பர் வாஷர் தேய்ந்திருக்கும். வாஷரை மாற்றியும் சொட்டினால், அது அமரும் பித்தளை விளிம்பில் பள்ளம் விழுந்திருக்கிறது. விரலால் தடவினாலே தெரியும். அதைச் சீவிச் சமன் செய்யும் சிறு கருவி இருக்கிறது. கால் சுற்றில் திறக்கும் வகையிலும் ஒற்றைக் கைப்பிடி மிக்சரிலும் வாஷர் கிடையாது. வால்வுக்குள் அமரும், செராமிக் தட்டுகள் கொண்ட உள்பாகமான கார்ட்ரிட்ஜை முழுதாக மாற்ற வேண்டும். மிக்சர் கார்ட்ரிட்ஜ் பெரும்பாலும் 35 அல்லது 40 மி.மீ. விட்டத்தில் வரும். கால் சுற்று வகையில் வெந்நீர்ப் பக்கமும் குளிர்நீர்ப் பக்கமும் எதிரெதிராகத் திரும்பும், கைப்பிடி அமரும் பற்களின் எண்ணிக்கையும் மாறும். பழையதைக் கையோடு கடைக்குக் கொண்டுபோவதே நல்லது.

மாற்றும்போது பலர் விட்டுவிடும் ஒன்று: பழைய கார்ட்ரிட்ஜைக் கழற்றியதும், வாளியைப் பிடித்துக்கொண்டு ஒரு நொடி தண்ணீரைத் திறந்து குழாயைக் கழுவ வேண்டும். குழாயில் இருக்கும் மணலும் துருவும் புதிய செராமிக் தட்டில் கோடு கிழித்தால் அன்றே சொட்டத் தொடங்கும். கார்ட்ரிட்ஜின் ரப்பர் வளையமான ஓ-ரிங்குக்குச் சிலிக்கோன் கிரீஸ் போடுங்கள். வாசலினும் வண்டி கிரீஸும் ரப்பரை ஊதவைத்துக் கெடுக்கும்.

இனி ஏறுகுழாய். இங்கே கசிவு பெரும்பாலும் ஷவர் ஆர்ம் திருகப்படும் எல்போவில்தான். ஆர்மைக் கழற்றி, திருகுமரையைச் சுத்தம் செய்து, முனை உங்களைப் பார்க்கும்படி பிடித்து, டெஃப்லான் டேப்பைக் கடிகார முள் திசையில் சுற்றுங்கள். மெல்லிய டேப் என்றால் 8 முதல் 12 சுற்று. முனையின் முதல் மரையை விட்டுவிட்டுச் சுற்றினால் டேப் துணுக்கு உள்ளே போய் ஷவர் துளைகளை அடைக்காது. இறுக்கிய பிறகு நேராக நிற்கவில்லையே என்று பின்னுக்குத் திருப்பக் கூடாது. திருப்பினால் டேப் கிழிந்திருக்கும், புதிதாகச் சுற்றித்தான் ஆக வேண்டும். எல்போ முழுப் பிளாஸ்டிக்காக இருந்தால் அதிகம் இறுக்குவதே அதைப் பிளக்கும். அந்த இடத்தில் பித்தளை மரை பதித்த எல்போதான் வேண்டும். அது சுவரில் கிளாம்ப் போட்டு அசையாமல் நிற்கவும் வேண்டும், இல்லையென்றால் ஷவர் ஹெட்டை ஒவ்வொரு முறை திருப்பும்போதும் சுவருக்குள் இருக்கும் ஒட்டு ஆடும்.

குழாயையே மாற்றும் நிலை வந்தால் வெந்நீர் வரிக்கு, சூடு தாங்கும் பிளாஸ்டிக் குழாய்களான சி.பி.வி.சி. அல்லது பி.பி.ஆர். போடுங்கள், சாதாரண பிளாஸ்டிக் குழாயான யு.பி.வி.சி. வெந்நீரில் இளகும். சி.பி.வி.சி.க்கு அதற்கான சொல்யூஷனே (குழாய் ஒட்டும் பசையே) வேண்டும். குழாயை நேராக வெட்டி, பிசிறு நீக்கி, குழாயின் வெளிப்புறமும் ஃபிட்டிங்கின் (இணைப்புத் துண்டின்) உட்புறமும் தடவி, முழு ஆழத்துக்குத் தள்ளிக் கால் சுற்று திருப்பி, அரை நிமிடம் விடாமல் பிடித்திருக்க வேண்டும். உடனே கையை எடுத்தால் ஃபிட்டிங்கின் உட்சரிவு குழாயைத் தானாக வெளியே தள்ளும். கண்ணுக்கு ஒட்டியதுபோலத்தான் இருக்கும். பி.பி.ஆரை 260 டிகிரி செல்சியஸ் சூட்டில் உருக்கி இணைப்பார்கள், 20 மி.மீ. குழாய்க்கு 5 நொடி சூடு. அதிகம் சூடாக்கினால் உருகியது உள்ளே திரண்டு துவாரத்தைக் குறுக்கும்.

குழாய் வேலை முடிந்ததும் கொத்தனார் கலவையோடு காத்திருப்பார். அவரைக் காக்க வையுங்கள். ஒட்டு காய சொல்யூஷன் டப்பாவில் போட்டிருக்கும் நேரம் கழிந்த பிறகு, வாய்களை அடைத்து, தண்ணீர் நிரப்பிக் காற்றை வெளியேற்றி, கைப்பம்பால் அழுத்தம் ஏற்றி, குறைந்தது ஒரு மணி நேரம் அழுத்தம் காட்டும் கேஜ் முள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அளவு, வழக்கமான அழுத்தத்தைப் போல் ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும். தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீருக்கு 10 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 1 பார் என்பது கணக்கு. பிரஷர் பம்ப் வைத்த வீட்டில் அது இரண்டு மூன்று பாராக இருக்கலாம். குழாய் திறந்து கிடக்கும்போது செய்தால்தான் இந்தச் சோதனைக்குப் பயன்.

சுவருக்கு வருவோம். கரண்டியின் பிடியால் பூச்சைத் தட்டிக்கொண்டே போனால் பொள்ளென்று ஒலிக்கும் இடம் செங்கலை விட்டுப் பிரிந்திருக்கிறது. ஈரம் தெரியும் எல்லையிலிருந்து எல்லாப் பக்கமும் ஒரு அடி தள்ளி, செங்கல் தெரியும்வரை கொத்தி எடுங்கள். உப்புப் பூத்திருந்தால் காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, உதிர்வதை முறத்தில் அள்ளி வெளியே கொட்டுங்கள். கழுவினால் உப்பு கரைந்து திரும்பச் செங்கலுக்குள் போகும், உலரும்போது மறுபடி வெளியே பூக்கும். செங்கல் இணைப்புகளில் உள்ள தளர்ந்த கலவையை 10 மி.மீ. ஆழத்துக்குச் சுரண்டுங்கள். இந்த வேலையில் கூரையோ உத்தரமோ திறந்து, துருவேறிய கம்பியும் பிளந்த கான்கிரீட்டும் தெரிந்தால் அதோடு நிறுத்திக் கட்டடப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். அது பூச்சு வேலை இல்லை.

உலர்த்துவதில்தான் எல்லோருக்கும் அவசரம். நனைந்த கட்டுச்சுவர் 25 மி.மீ. கனத்துக்கு ஒரு மாதம் என்ற கணக்கில் காயும் என்பது தொழிலில் உள்ள பொது விதி. ஒன்பது அங்குலச் சுவர் இரு பக்கமும் திறந்திருந்தாலும் மாதக்கணக்கில் ஆகும். அதுவரை குளிக்காமல் இருக்க முடியாது என்பதும் உண்மை. இதற்கு வழி உண்டு. ஷவர் பக்கத்துப் பூச்சையும் சிமென்ட் அடிப்படையிலான நீர்த்தடுப்புப் பூச்சையும் செங்கலில் லேசான ஈரம் இருக்கும்போதே செய்யலாம்; அவற்றுக்கு அது தொந்தரவில்லை. மறுபக்கச் சுவரைச் செங்கல் தெரிய அப்படியே விட்டு, ஜன்னலைத் திறந்து மின்விசிறியை ஓடவிட்டு, ஈரம் அந்தப் பக்கமாக வெளியேற விட வேண்டும். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். காய்ந்ததா என்று பார்க்க ஒன்றரை அடிச் சதுர பாலித்தீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். உட்புறம் முத்து முத்தாக வியர்த்தால் இன்னும் காலம் இருக்கிறது.

ஷவர் பக்கப் பூச்சுக்கு ஒரு பங்கு சிமென்ட், நாலு பங்கு சலித்த மணல். சிமென்டைக் கூட்டினால் உறுதி கூடும் என்று ஒன்றுக்கு இரண்டு போடுகிறவர்கள் உண்டு. அந்தக் கலவை சுருங்கி மயிரிழை விரிசல் விடும், தண்ணீருக்கு அதுவே பாதை. நீர்த்தடுப்புத் திரவம் சேர்ப்பதானால் டப்பாவில் உள்ள அளவே சேருங்கள். 50 கிலோ மூட்டைக்கு 200 மி.லி. என்பது பரவலான அளவு. செங்கலை நனைத்து, 12 முதல் 15 மி.மீ. கனம் பூசுங்கள். அதற்கு மேல் தேவைப்பட்டால் இரண்டு தடவையாக. குழாய் புதைத்த பள்ளத்தின் மேல் கோழிவலை வைத்துப் பூசினால் அந்தக் கோட்டில் விரிசல் வராது. ஏழு நாள் தண்ணீர் தெளித்து நீராற்றுங்கள். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸையும் ஜிப்சம் பூச்சையும் இந்தப் பக்கம் கொண்டுவரவே கூடாது. சீக்கிரம் காய்கிறது என்று பள்ளத்தை அடைக்க அவற்றைத்தான் பலர் எடுக்கிறார்கள். நனைந்தால் இரண்டும் இளகிப்போகும்.

டைல்ஸும் அதன் இடுக்கில் அடைக்கும் சிமென்ட் கிரவுட்டும் தண்ணீரை முழுதாகத் தடுக்காது. தடுப்பது அவற்றின் பின்னால் இருக்கும் நீர்த்தடுப்புப் பூச்சு. பவுடரும் திரவமும் கலக்கும் இரட்டைப் பொருள் பூச்சை இரண்டு கோட் அடியுங்கள். முதல் கோட் கிடைமட்டம் என்றால், அது காய்ந்த பிறகு இரண்டாவது செங்குத்தாக. காய்ந்த பிறகு மொத்தக் கனம் ஒரு மி.மீ.க்குக் குறையாமல் இருக்க வேண்டும். தரை முழுவதும், சுற்றுச் சுவரில் ஒரு அடி உயரம், ஷவர் சுவரில் ஷவர் ஹெட் உயரத்துக்கு மேல் வரை. சுவரும் தரையும் சேரும் மூலையில் கலவையால் சிறு வளைவு கொடுத்து, ஃபைபர் வலைப் பட்டையை முதல் கோட்டிலேயே பதித்துவிடுங்கள். கூர்மையான மூலையில்தான் பூச்சு முதலில் கிழியும்.

தளத்தைத் துளைத்துப் போகும் கழிவுக் குழாயைச் சுற்றிய இடம் இன்னும் மோசம். வழவழப்பான பி.வி.சி.யில் சிமென்ட் ஒட்டாது. குழாயை உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது காயுமுன் மணலைத் தூவி ஒட்டவைத்து, சுற்றியுள்ள இடைவெளியைச் சுருங்காத கிரவுட்டால் அடைக்க வேண்டும். பள்ளமாக இறக்கிக் கட்டிய தளமாக இருந்தால் இந்த இடத்தில் நுழைந்த தண்ணீர் நிரப்பியிருக்கும் செங்கல் ஜல்லியில் தேங்கி, ஆண்டுக்கணக்கில் பக்கத்து அறையின் தரையோரச் சுவரில் ஓதமாக ஏறிக்கொண்டே இருக்கும். மேலே எத்தனை கிரவுட் தேய்த்தாலும் அது நிற்காது. அப்போதுதான் தரையை முழுதாகப் பெயர்ப்பதற்கு நியாயம்.

பூச்சு முதிர்ந்ததும், டைல்ஸ் ஒட்டுவதற்கு முன், மறுபடி 24 மணி நேரம் தண்ணீர் கட்டிப் பாருங்கள். டைல்ஸ் ஒட்டிய பிறகு செய்தால் குறை தெரியும், ஆனால் சரிசெய்ய டைல்ஸை உடைக்க வேண்டியிருக்கும்.

ஒட்டும்போது டைல்ஸின் முதுகில் ஐந்து உருண்டை கலவை வைத்து அழுத்துவது விரைவான வேலை. அந்த உருண்டைகளுக்கு இடையிலான வெற்றிடத்தில் தண்ணீர் தங்கும். டைல் ஒட்டும் பசையைப் பல் வைத்த கரண்டியால் ஒரே திசையில் இழுத்து, டைல்ஸை அழுத்தி அசைத்து ஒட்டி, நடுவில் ஒன்றைப் பெயர்த்துப் பாருங்கள். முதுகு ஏறக்குறைய முழுதும் பசை பட்டிருக்க வேண்டும். இடுக்கே இல்லாமல் ஒட்டித் தரச் சொல்லாதீர்கள். 2 மி.மீ. இருந்தால்தான் கிரவுட் உள்ளே இறங்கும். தரைக்கு ட்ராப்பை நோக்கி மீட்டருக்கு 15 முதல் 20 மி.மீ. வாட்டம் வேண்டும்.

மூலைகளில் கிரவுட் போடாதீர்கள். சுவரும் தரையும் தனித்தனியே நுண்ணளவில் அசையும், கிரவுட் வெடிக்கும். அங்கே பூஞ்சை பிடிக்காத சிலிக்கோன். பழைய சிலிக்கோனின் மேல் புதியது ஒட்டாது, ஆகவே பிளேடால் முழுதும் எடுத்து, துடைத்துக் காயவைத்த பிறகே போட வேண்டும். ஒரு நாள் தண்ணீர் படக்கூடாது. வால்வைச் சுற்றிய வட்டத் தகட்டுக்கு மேலும் இரு பக்கமும் சிலிக்கோன் போட்டு, அடிப்பக்கத்தைத் திறந்தே விடுங்கள். உள்ளே எப்போதாவது கசிந்தால் அந்த இடைவெளி வழியாகக் குளியலறைக்குள்ளேயே வழிந்து காட்டிக்கொடுக்கும்.

செங்கல் இல்லாமல் சட்டமடித்துப் பலகை போட்ட சுவர் என்றால் கணக்கே வேறு. நனைந்து உப்பிய ஜிப்சம் பலகை உலர்ந்தாலும் பழைய வலு வராது. ஈரத்துக்கு அப்பால் ஒரு அடி தள்ளி வெட்டி எறியுங்கள். பின்னால் உள்ள மரச்சட்டத்தைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள், உள்ளே இறங்கினால் அந்தத் துண்டையும் மாற்ற வேண்டும். பூஞ்சை பிடித்த பலகையை அறுக்கும்போது முகக்கவசம் அவசியம். பச்சைத் தாள் ஒட்டிய ஜிப்சம் பலகை காற்றில் உள்ள ஈரத்தைத்தான் தாங்கும், ஷவர் தண்ணீரை இல்லை. டைல்ஸுக்குப் பின்னால் சிமென்ட் பலகை போட்டு, துருப்பிடிக்காத ஸ்க்ரூவை 20 செ.மீ.க்கு ஒன்றாக அடித்து, பலகைகளுக்கிடையே 3 மி.மீ. விட்டு, வலை டேப் ஒட்டி அடையுங்கள். பலகைக்கு முன்னால் நீர்த்தடுப்புப் பூச்சு அடித்தால் பின்னால் பிளாஸ்டிக் தாள் வைக்காதீர்கள். இரண்டும் இருந்தால் நடுவில் சிக்கும் ஈரத்துக்குப் போக்கிடம் இருக்காது.

மறுபக்கச் சுவர் பாலித்தீன் சோதனையில் தேறிய பிறகு அங்கே பூச்சு. புதுப் பூச்சுக்கு நாலு வாரம் விட்டு, காரம் தாங்கும் பிரைமர், பிறகு பட்டி, பிறகு சாதாரண எமல்ஷன். ஓதம் தாங்கும் பெயிண்டுக்கு அப்போது வேலையே இருக்காது.

கடைசியாக ஒப்பந்தம். பிளம்பர், கொத்தனார், டைல்ஸ் ஒட்டுபவர் என மூன்று பேர் வரும் வேலையில் கசிவு வந்தால் ஒவ்வொருவரும் மற்றவரைக் கைகாட்டுவார்கள். அழுத்தச் சோதனை முடிந்த பின் பிளம்பருக்கு, பூச்சின் மேல் தண்ணீர் கட்டிப் பார்த்த பின் கொத்தனாருக்கு என்று கூலியின் கடைசித் தவணையைப் பிரித்து முன்பே பேசிவிடுங்கள். சுவரை மூடும் முன் குழாய்கள் மேல் அளவு நாடாவை வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு கண்ணாடி மாட்டத் துளையிட வருபவரிடம் அந்தப் படத்தைக் காட்ட வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
கட்டடப் பராமரிப்புத் துறையைச் சேர்ந்த வாசகர்